குட்டை நத்தையும் கால்நடை வியாதிகளும்

(தம்மம்பட்டி விவசாயச் செயல்விளக்க அதிகாரி ஒருவர் எழுதியது)

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, சுவேத நதியின் இரு மருங்கிலும் பரந்துள்ள தம்மம்பட்டி வட்டாரத்தில், மாடோ ஆடோ இல்லாத குடியானவர் வீட்டைக் காண்பது அரிது. நெல்லும் மரவள்ளியும் மஞ்சளும் பாக்கும் ஒரு வருஷம் கைகொடுத்து மறு வருஷம் கைவிட்டாலும், வீட்டுச் செலவைத் தாங்கி நிற்பது கறவைப் பசுவே என்பது இங்குள்ளோர் அனைவரும் அறிந்தது. அத்தகைய பசு மாசி, பங்குனி மாதங்களில் தீனி குறையாதிருந்தும் இளைக்கத் தொடங்குகிறது, மயிர் மங்குகிறது, சாணி இளகுகிறது, பால் அரைப்படியாகக் குறைகிறது, சிலவற்றிற்குத் தாடைக்கடியில் பை போன்ற வீக்கம் காண்கிறது. வேறு சில மாடுகள் இராக்காலத்தில் கட்டுத்தரையில் படுத்து, மனிதர் குறட்டை விடுவதைப் போல மூச்சு இழுக்கின்றன. உடையவர் இதைத் தீனிக் கோளாறு என்கிறார். அண்டை வீட்டார் கண்ணேறு என்கின்றனர். மூக்கணாங்கயிறு உரசியதால் வந்த புண் என்று கயிற்றை மாற்றிப் பார்ப்போரும், சூடு இழுப்போரும் உண்டு. இவற்றுள் ஒன்றும் காரணமன்று. காரணம் பெரும்பாலும் மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையின் ஓரத்தில், கோரைத் தண்டிலும் பாசியிலும் ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரு நத்தையில் இருக்கிறது.

இந்த நத்தையால் வரும் வியாதிகளுக்கு மருந்து கால்நடை மருந்தகத்தில் கிடைக்கிறது. ஆனால் அவ்வியாதிகளைத் தடுக்கும் வழி மருந்தகத்தில் இல்லை, ஊரில்தான் இருக்கிறது. அதிலும் முக்கியமாக, கிணறும் பம்பு செட்டும் உடைய நிலச்சொந்தக்காரர் கையில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். இதனைச் சிலர் ஒப்பமாட்டார்கள். ஆகையால் விஷயத்தை அடியிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், நத்தை என்றவுடன் எல்லா நத்தையையும் பகையாகக் கருதுதல் கூடாது. நடவு வயலில் எலுமிச்சை அளவுக்கும் அதற்கு மேலும் பருத்து, வாயில் கெட்டியான மூடியுடன் காணப்படுகிறதே, ஏழை எளியோர் பொறுக்கிச் சமைத்துண்ணும் நத்தை, அது நாம் இங்கே பேசும் வியாதிகளுக்குக் காரணமன்று. (அதனை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும் என்பது வேறு விஷயம்.) கேடு விளைப்பவை இரண்டு இனங்கள். ஒன்று, படுத்த பாம்பு சுருண்டதைப் போலவும் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலவும் ஒரே தளத்தில் சுற்றிய தட்டை ஓட்டினை உடையது. இதனை ‘இந்தோபிளானார்பிஸ்’ என்பர். நசுக்கினால் செந்நீர் கசியும். மற்றொன்று, மெல்லிய, ஒளி ஊடுருவும் ஓடும், கூரிய முனையும், அகன்ற வாயும் உடையது. அதற்கு ‘லிம்னேயா’ என்று பெயர். இவ்விரண்டிற்கும் வாய்மூடி கிடையாது என்பதே குடியானவர் மனத்திற் கொள்ளத்தக்க அடையாளம். இரண்டும் செவுளால் மூச்சு விடுவனவல்ல. காற்றுக்காக அடிக்கடி நீர்மட்டத்திற்கு வருவன. ஆகையால் ஆழ்ந்த நீரிலும் ஓடும் நீரிலும் அவை அதிகமாக இரா. கரையோரத்து ஆழமற்ற நீர், ஆகாயத்தாமரை, பாசி, கோரை, நின்ற தண்ணீர்: இவையே அவற்றின் வாசஸ்தலம். அதாவது, மாடு இறங்கும் இடமும் நத்தை வாழும் இடமும் ஒன்றே.

இந்நத்தைகளுள் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாய் இருப்பதால், ஒற்றை நத்தை உயிர் தப்பினாலும் ஒரு குட்டையை மீண்டும் நிரப்பிவிடும். இலைகளின் அடிப்பக்கத்தில் பிசின் போன்ற முட்டைக் கொத்துகளை இட்டு வைக்கும். குட்டை வற்றினால் சேற்றில் புதைந்து பல வாரங்கள் உயிர் தாங்கும். மழை பெய்தவுடன் எழுந்துவரும். ‘சென்ற கோடையில் குட்டை வறண்டு வெடித்துக் கிடந்தது, நத்தை எல்லாம் செத்திருக்கும்’ என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

குறட்டை வியாதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அதன் வரலாறு நம் நாட்டோடு நெருங்கியது. மாட்டின் மூக்கினுள் பூக்கோசு போன்ற சதை வளர்ந்து, சளியும் சில வேளை இரத்தமும் ஒழுகி, மூச்சு அடைபடும் இவ்வியாதி நெடுங்காலமாக நம் மாடுகளுக்கு உண்டு. அதன் காரணம் இன்னதென்று மட்டும் தெரியாதிருந்தது. 1932-ஆம் ஆண்டில் நாட்டின் பிற பகுதிகளில் மல்கானி, தத்தா ஆகிய கால்நடை நிபுணர்கள் இது இரத்தக் குழாயில் வாழும் ஒரு புழுவின் வேலை என்று கண்டனர். 1903-இல் நிறுவப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எம். அனந்த நாராயண ராவ் என்பவர் அப்புழுவைத் தனி இனமாக விவரித்து, 1933-இல் ‘ஷிஸ்டோசோமா நாசேல்’ என்று பெயரிட்டார். கன்றுகளுக்கு அவ்வியாதியைப் பரிசோதனை முறையில் உண்டாக்கியும் காட்டினார். உலகில் வழங்கும் ஒரு புழுவின் பெயரோடு சென்னையில் உழைத்த ஒருவரின் பெயர் சேர்ந்து நிற்கிறது. ஆனால் நம் ஊர்களில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

அவ்வியாதி பரவும் விதம் இது. ஆண் புழுவும் பெண் புழுவும் மூக்கின் உட்சவ்விலுள்ள சிறு இரத்தக் குழாய்களில் இணைந்து வாழ்கின்றன. பெண் இடும் முட்டை பிறைபோல் வளைந்தது. அது சவ்வைத் துளைத்துக்கொண்டு சளியோடு வெளிவருகிறது. மாடு தண்ணீர் குடிக்க மூக்கைத் தாழ்த்தும்போது அச்சளி நீரில் விழுகிறது. முட்டை பொரிந்து வரும் குஞ்சு, கண்ணுக்குப் புலப்படாத மயிர்களால் நீந்தித் தட்டை நத்தையைத் தேடி அதன் உடலுள் நுழைகிறது. அங்கே சில வாரங்கள் பெருகி, வால் பிளந்த நுண்புழுக்களாக ஆயிரக்கணக்கில் நீரில் வெளிவருகின்றது. இந்நுண்புழுக்கள் வெயில் ஏறும் காலைப் பொழுதில் மிகுதியாகப் புறப்படுகின்றன. மாடு அவற்றைக் குடிக்க வேண்டுமென்பதும் இல்லை. நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்தே உட்புகுந்துவிடும். உட்புகாவிடில் ஏறக்குறைய ஒரு நாளில் மடிந்துபோகும். இக்கடைசி விஷயத்தைப் பின்னால் நாம் பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம்.

எருமையும் இப்புழுவைத் தாங்கும்; ஆனால் அதற்குக் குறட்டையோ சதை வளர்ச்சியோ பெரும்பாலும் காண்பதில்லை. ஆகவே நோயின்றித் திடமாகத் தோன்றும் எருமை, நாள் முழுதும் குட்டையில் புரண்டு, அண்டை வீட்டுப் பசுவிற்கு வியாதியைத் தேக்கி வைக்கக்கூடும். குறட்டை விடும் மாடெல்லாம் இந்நோய்தான் என்றும் கொள்ளக்கூடாது. மூக்கில் சதை வளரும் வேறு நோய்களும் உண்டு. மூக்குச் சளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தே கால்நடை வைத்தியர் தீர்மானிப்பார். அதற்குள் நம்மவர் அம்மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுகின்றனர். சந்தையில் வாங்குவோர் பல்லைப் பார்க்கின்றனர், சுழியைப் பார்க்கின்றனர். மூக்கருகே காதை வைத்துக் கேட்பவர் நூற்றில் ஒருவர். இவ்வாறு ஓர் ஊர்க் குட்டையின் வியாதி, நூறு ரூபாய் தரகோடு மற்றோர் ஊர்க் குட்டைக்குப் போய்ச் சேருகிறது.

இங்கே தம்மம்பட்டியாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜல்லிக்கட்டுக் காளைகளை இவ்வூரார் பிள்ளையைப் போல் வளர்ப்பது கண்கூடு. பருத்திக்கொட்டையும் உளுந்தும் பேரீச்சையும் ஊட்டி, மண்ணைக் குத்தப் பழக்கி, தசை இறுகும்பொருட்டு ஏரியிலும் குட்டையிலும் நீந்தவிடுகின்றனர். காளைக்கு வேண்டியது மூச்சு. அதன் மூச்சைக் கெடுக்கும் புழுவோ தோல் வழியே புகுவது. காலை வெயிலில், பாசி படர்ந்த குட்டையில் அரைமணி நேரம் நீந்தவிடுதல் அப்புழுவிற்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். நீச்சல் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நடுவில் ஆழமும் ஓரத்தில் பாசியின்மையும் உள்ள கிணற்றிலோ ஓடும் ஆற்றிலோ நீந்தவிடலாம். புதுவெள்ளம் வந்த நாட்களில் ஆறே தக்கது.

ஈரல் புழுவின் கதை வேறு வகையானது. இதனை உண்டாக்குவது வேப்பிலை போல் தட்டையாகவும், இரண்டு மூன்று அங்குல நீளம் வரை வளர்வதாகவும் உள்ள ‘பாசியோலா ஜைகாண்டிகா’ என்னும் புழு. ஆடறுப்பவர் இதை நன்கு அறிவார். ஈரலைக் கீறும்போது பித்தக் குழாய் சுண்ணாம்பேறித் தடித்து, உள்ளே இப்புழுக்கள் புரள்வதைக் கண்டு எறிந்துவிடுவார். அவர் அறிந்ததை ஆட்டுக்காரர் அறிவதில்லை.

இங்கிலாந்து தேசத்தில் 1879, 1880-ஆம் ஆண்டுகளில் மழை மிகுந்தபோது, இதற்கு நெருங்கிய உறவான ஓர் ஈரல் புழுவால் ஏறக்குறைய 30 லட்சம் செம்மறியாடுகள் மடிந்தன. அவ்வழிவினால் தூண்டப்பட்டு, ஆக்ஸ்போர்டில் தாமஸ் என்பவரும் ஜெர்மனியில் லூக்கார்ட் என்பவரும் தனித்தனியே ஆராய்ந்து, 1883-ஆம் ஆண்டிற்குள் புழுவின் முழுப் பயணத்தையும் வெளியிட்டனர். ஒரு புழு வளர்வதற்கு நத்தை இன்றியமையாதது என்பது முதன்முதலாக முழுமையாக விளங்கியது இந்த ஈரல் புழுவில்தான்.

மாடு இடும் சாணியில் முட்டைகள் வருகின்றன. அச்சாணி வாய்க்காலிலோ குட்டையிலோ கரைந்தால், இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரிந்து, குஞ்சு ஒரு நாளுக்குள் லிம்னேயா நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், அந்த ஒரு குஞ்சிலிருந்து நூற்றுக்கணக்கான நுண்புழுக்கள் உண்டாகி வெளிவருகின்றன. இவை தோலைத் துளைப்பதில்லை. நீரோரப் புல்லிலும், நெற்பயிரின் அடித்தண்டிலும் ஒட்டி, வாலை உதிர்த்து, கடுகிலும் சிறிய உறையொன்றைக் கட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. சில நீரிலேயே மிதக்கின்றன. மாடு அப்புல்லைத் தின்றவுடன் உறை கரைந்து, புழு குடலைத் துளைத்து, ஈரலைக் குடைந்து பித்தக் குழாயை அடைகிறது. அங்கே முட்டையிடத் தொடங்க மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். இதனால்தான் கார்த்திகையிலும் மார்கழியிலும் மேய்ந்த பச்சைப் புல்லின் கேடு பங்குனி, சித்திரையில் தாடை வீக்கமாக வெளிப்படுகிறது. ‘அப்பொழுதெல்லாம் நன்றாகத்தானே இருந்தது’ என்று உடையவர் வியப்பதற்கும் காரணம் இதுவே.

ஏரித்தண்ணீர் வற்ற வற்ற, பின்வாங்கிய நீரின் ஓரத்தில் தளதளவென்று புல் முளைக்கிறதல்லவா? சுற்றிலும் காய்ந்து கிடக்கையில் அந்த ஒரு பட்டைப் பசுமையைக் காட்டித்தான் மேய்ப்பவர் மாட்டை ஓட்டுகிறார். நஞ்சு முழுவதும் அந்தப் பசுமையில் இருக்கிறது. அப்புல் வேண்டுமாயின் நீர்மட்டத்திற்கு மேலே அறுத்து, சில நாள் நல்ல வெயிலில் உலர்த்திப் போடலாம். அவ்வாறே, நீர் நின்ற வயலின் ஈர வைக்கோலை அறுத்த கையோடு மாட்டுக்கு எறியாமல், நன்கு காயவைத்துப் போர் போட்ட பிறகே எடுத்தல் நலம். உறையிட்ட புழு ஈரத்தில் பல வாரம் இருக்கும், காய்ச்சலைத் தாங்காது.

மூன்றாவதாக, வயிற்றுத் தட்டைப்புழு என்பது ஒன்று உண்டு. இதையும் தட்டை நத்தையே சுமக்கிறது. இதன் இளம்புழுக்கள் சிறுகுடலில் இருக்கும்போது இளங்கன்றுகளுக்கும் ஆடுகளுக்கும் நாற்றமுள்ள நீர்க்கழிச்சல் கண்டு சில நாட்களில் இறக்க நேரிடும். தடுக்கும் வழி மேற்சொன்னதேயாகையால் இதை இத்துடன் விடுகிறேன்.

இனி மனிதரைப் பற்றி. நாற்றுப் பறிக்கும் பெண்களுக்கும் களை எடுப்போருக்கும் முழங்காலுக்குக் கீழே முதலில் சுருக்கென்ற குத்தலும், சில மணி நேரத்தில் சிவந்த கொப்புளங்களும், பொறுக்க முடியாத அரிப்பும் உண்டாவதைப் பலர் கண்டிருக்கலாம். விரலிடுக்கில் அழுகும் சேற்றுப்புண் வேறு, இது வேறு. மாட்டையோ பறவையையோ தேடிவந்த நுண்புழு வழிதவறி மனிதத் தோலில் நுழைந்து, மேற்கொண்டு வளர வகையின்றி அங்கேயே மடிகிறது. அதனால் வரும் அரிப்பு ஓரிரு வாரத்தில் அடங்கும். உயிருக்கு அபாயமில்லை; ஆனால் கூலிக்கு வந்தவர் இரண்டு நாள் வேலை இழக்கிறார், அதை எவரும் கணக்கெடுப்பதில்லை.

மனிதரின் சிறுநீர்ப்பையைத் தாக்கும் பெரிய வியாதியான பில்ஹார்சியா ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவரை வாட்டுவது. நம் தேசத்தில் அது பரவவில்லை. ஆயினும் மேற்குக் கடற்கரையில் இரத்தினகிரி ஜில்லாவிலுள்ள கிம்வி என்னும் சிற்றூரில் அது உள்ளூரிலேயே வேரூன்றி இருந்ததை 1952-இல் காட்கில், ஷா என்னும் மருத்துவர்கள் வெளியிட்டனர். அங்கே அதைச் சுமந்ததாகக் கருதப்பட்டது ஓடைக் கல்லில் ஒட்டும் மிகச் சிறிய நத்தை ஒன்று. சிகிச்சையாலும் நத்தை ஒழிப்பாலும் அது அடங்கிற்று. இதைச் சொல்வது பயமுறுத்துவதற்கன்று. நம் ஜில்லாவில் அவ்வியாதி இருப்பதாக ஒருவரும் வதந்தி கிளப்ப வேண்டாம். நத்தை மலிந்த நீரை நாம் அசட்டை செய்தல் தகாது என்பதற்காகவே சொன்னேன்.

வியாதிக்குப் பரிகாரம் என்ன? மருந்து என்பர். ஈரல் புழுவுக்கு டிரைகிளாபெண்டசால், ஆக்சிகுளோசனைடு முதலிய மருந்துகள் இருக்கின்றன. முன்னது இளம்புழுவையும் கொல்லும்; பின்னது வளர்ந்த புழுவையே கொல்லும். குறட்டை வியாதிக்கு ஆண்டிமனி சேர்ந்த ஊசி மருந்து நெடுங்காலம் வழங்கி வந்தது. இப்பொழுது பிராசிகுவாண்டல் என்பதும் உண்டு. சாணியில் சிறிது இலையில் மடித்து எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்திற்குப் போனால் எந்தப் புழு என்று பார்த்துச் சொல்வர். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் தலைவாசலுக்கு அருகிலும் 2021-இல் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. ஆகவே வைத்திய உதவி தொலைவில் இருக்கிறதென்று நாம் சொல்வதற்கில்லை. ஆனால் மருந்து குடித்த மாடு அன்று மாலையே அதே குட்டையில் இறங்குமானால், அம்மருந்து எத்தனை நாளைக்கு? கடையில் எதையோ வாங்கி வருஷத்திற்கு நான்கு முறை கண்மூடிப் புகட்டுவோரும் இருக்கின்றனர். பணமும் போய், மருந்துக்கு அஞ்சாத புழுவையும் நாம் வளர்க்கிறோம். கறவை மாட்டிற்குக் கொடுக்கத் தகாத மருந்துகளும் இவற்றுள் இருப்பதால், வைத்தியரைக் கேளாமல் கொடுத்தல் எவ்வகையிலும் நன்றன்று.

நத்தையையே கொன்றுவிட்டால் என்ன என்று கேட்பவர் அடுத்தபடி மயில்துத்தத்தை நினைக்கின்றனர். பல தேசங்களில் அது வழங்கியதுண்டு. நம் குட்டைகளுக்கு அது வேண்டாம் என்பேன். துத்தம் சேற்றோடும் பாசியோடும் கலந்து வலிமை இழக்கிறது. நத்தை சாவதற்குள் மீன் செத்து மிதக்கிறது. குட்டை மீனைக் குத்தகை எடுத்தவரோடு ஊரே சண்டையிட நேர்கிறது. முட்டைக் கொத்தில் தப்பியவை சில வாரங்களில் பழைய தொகையை எட்டிவிடுகின்றன. வாத்து அதனினும் நல்ல வேலைக்காரன். அறுவடைக்குப் பின் வரும் வாத்துக்காரரை நம்மவர் விரட்டுவதுண்டு. நடவுக்கு முன் சில நாள் அவரை வயலில் விடுவது லாபம், நத்தையும் பூச்சியும் குறையும், எச்சமும் உரமாகும். வாத்தின் புழுவும் சிறிது அரிப்பைக் கொண்டுவரும் என்பது உண்மை. எல்லாப் பரிகாரத்திற்கும் ஒரு குறை உண்டு. நெற்பயிருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதால் தண்ணீர் மிச்சப்படுவதோடு நத்தை முட்டைகளும் காய்ந்து கெடும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

இவையெல்லாம் துணை. பிரதானமான பரிகாரம் மாட்டின் வாயையும் காலையும் குட்டையிலிருந்து பிரிப்பதே. அதற்குத் தொட்டி வேண்டும்.

தொட்டியா, அது எங்கள் ஊரிலும் இருக்கிறதே என்பீர்கள். ஆம், அநேக ஊர்களில் ஊராட்சியார் கட்டிய கால்நடைத் தொட்டி இருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கிறதா? நான் போகும் கிராமங்களில் கண்டவற்றுள் பல, சருகும் புட்டியும் நிறைந்து, வெடித்துக் கிடக்கின்றன. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கினார்கள். நிரப்புவது யார் பொறுப்பு என்று எவரும் எழுதிவைக்கவில்லை. குடிநீர்க் குழாயிலிருந்து நிரப்பலாமென்றால் கோடையில் மனிதர் குடத்திற்கே போதாமலிருக்கிறது. ஆகவே மாடு குட்டைக்குப் போகிறது.

என் அபிப்பிராயத்தில் அத்தொட்டியை நிரப்பும் பொறுப்பு அருகிலுள்ள பம்பு செட்டுக்காரரைச் சேர்ந்தது. காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த மாடு ஒன்று கோடை நாளில் 40 முதல் 60 லிட்டர் வரை குடிக்கும். நூறு மாடுகள் உள்ள ஊருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர் வேண்டும். நல்ல ஊற்றுள்ள கிணறாயின், ஒரு மணி நேரத்திற்குள் பம்பு இறைத்துவிடும் அளவே அது. விவசாயப் பம்புக்கு மின்சாரக் கட்டணம் இல்லை. முறை வைத்துக்கொண்டு ஐந்து பேர் நிரப்பினால், ஒருவருக்கு ஐந்து நாளைக்கு ஒரு முறை. வாழைக்கும் பாக்கிற்கும் இறைக்கும் நீரில் இது எம்மாத்திரம்?

இரண்டாவது காரணம் கசப்பானது. நத்தையை வளர்ப்பவர் யார்? வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டவிடுபவர் வாய்க்கால் பாய்ச்சல் உடையவர். மட்காத சாணியை எருக்குழியில் போடாமல், மழைநீர் அடித்துச் செல்லும்படி வாய்க்கால் மேட்டில் குவித்து வைப்பவரும் அவரே. எருக்குழியில் நன்கு மட்கும் சாணியில் எழும் சூட்டினால் முட்டைகள் அழியும். குவியலின் ஓரத்தில் கரைந்து போகும் சாணியில் அழியா. ஆனால் அந்நீரில் மாட்டை விட்டு நஷ்டப்படுவோரில் பெரும்பாலோர் ஒரு பசுவோ இரண்டு ஆடோ வைத்துள்ள நிலமற்றவர்கள். அவர்களுக்குக் கிணறு இல்லை. குட்டையைத் தவிர வேறு துறை இல்லை. நிலமுள்ளவர் மாட்டிற்குக் கட்டுத்தரையிலேயே கழுநீரும் கிணற்று நீரும் கிடைக்கின்றன. இதைக் கேட்டு வருந்தும் மிராசுதார் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: சந்தை மாடும் மேய்ச்சல் மாடும் ஒரே ஊரில்தான் நிற்கின்றன, நிலமற்றவர் பசுவின் புழு நத்தை வழியாக உங்கள் வயலின் வைக்கோலுக்கு வந்து சேரத் தடை ஒன்றும் இல்லை.

குட்டைக்கு வேலி கட்டிவிடலாம் என்று ஒருவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். தொட்டி இல்லாமல் வேலி கட்டுவது அநியாயம். அவ்வேலி ஒரு வாரமும் நில்லாது. முதலில் தொட்டியில் தண்ணீர் நிற்கட்டும். மேட்டிலுள்ள நிழல் மரத்தடியில், மேய்ச்சலுக்குப் போகும் வழியிலேயே அது இருக்குமானால், மாடு தானே அங்கே திரும்பும். ‘தொட்டித் தண்ணீரை மாடு தொடாது’ என்பதெல்லாம் இரண்டு நாள் பேச்சு. பிறகு ஏரித்துறையில் மாடு இறங்கும் ஓரிடத்தை மட்டும் கல் பாவி, பாசி எடுத்துச் சரிவாக வைத்து, மற்றக் கரையை முள்ளால் அடைக்கலாம். மாட்டைக் குளிப்பாட்டுவதற்கும் எருமை படுப்பதற்கும் அந்த ஓரிடம் போதும்.

தொட்டியிலும் கவனிக்க வேண்டியவை சில உள. வாய்க்கால் நீரை நேரே விட்டால் நத்தையும் கூடவே வந்து அங்கே குடியேறும். கிணற்று நீரையே விடுதல் வேண்டும். வேறு வழியின்றிக் குட்டை நீரைத்தான் விட வேண்டியிருப்பின், சல்லடைத் துணி கட்டி வடித்து, இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுக் கொடுத்தால், தோலைத் துளைக்கும் நுண்புழுக்கள் அதற்குள் மடிந்திருக்கும். இதனால் ஈரல் புழுவின் உறை முழுதும் ஒழியும் என்று நம்புதல் கூடாது. வாரம் ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிட்டு, உட்புறம் சுண்ணாம்பு பூச வேண்டும். வழிந்தோடும் நீர் தொட்டியடியில் தேங்கிச் சேறானால் புதிய குட்டை ஒன்றை நாமே உண்டாக்கியவர்களாவோம். அதைத் தென்னைக்கோ முருங்கைக்கோ திருப்பி விடுக.

கிராம நிர்வாக அலுவலர்களையும் ஊராட்சித் தலைவர்களையும் கேட்டுக்கொள்வது சிறிதே. உங்கள் ஊரில் கால்நடைத் தொட்டிகள் எத்தனை, அவற்றுள் நீர் நிற்பவை எத்தனை, ஒவ்வொன்றிற்கும் மிக அருகிலுள்ள பம்பு செட்டு யாருடையது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிராம சபையில் அத்தாளை வாசித்து, நிரப்பும் முறைநாளை அந்தந்தப் பெயருக்கு எதிரே குறித்து, தொட்டிச் சுவரிலேயே எழுதி வையுங்கள். பெயர் சுவரில் இருந்தால் முறை தவறாது என்பது நீர்ப்பாசன முறைகளில் நாம் நெடுங்காலமாகக் கண்டது. ஏரி வண்டல் எடுக்க அனுமதி தரும்போது, கரையோரத்துப் பாசித் திட்டுகளையும் சேர்த்து எடுத்து ஓரத்தைச் செங்குத்தாக விடும்படி சொல்லலாம். இதற்குத் தனிச் செலவு இல்லை.

வேலையைத் தொடங்க ஏற்ற காலம் தை மாதம். நீர் வற்றத் தொடங்கி, கரையோரப் புல் இன்னும் ஆசை காட்டாத நேரம் அது. பொங்கலன்று மாட்டைக் கழுவி, கொம்புக்கு வர்ணம் பூசி, அதே கையோடு குட்டையில் இறக்குவதற்குப் பதில், அவ்வருஷத் தொட்டி நீரை அன்றைக்கே முதன்முறையாகத் திறந்துவிடலாம். கட்டுத்தரையில் குறட்டை கேட்கும் மாட்டை அந்த வாரத்திலேயே மருந்தகத்திற்கு ஓட்டிச் சென்று, குணமாகும்வரை அதற்குத் தனி வாளியில் தண்ணீர் வையுங்கள். அவ்வாளியின் மீதியைக் குட்டையில் ஊற்றாமல் எருக்குழியில் ஊற்றுங்கள்.